ஸ்பான்சர் மாறினால் ஐந்தாண்டுக் கணக்கு அழிந்துவிடுமா?

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, நான் திருச்சியைச் சேர்ந்த சிவில் இன்ஜினியர். துபாயில் சில ஆண்டுகள் வேலை பார்த்த பிறகு, 2022 செப்டம்பரில் பிரிட்டனின் ஸ்கில்டு வொர்க்கர் விசாவில், அதாவது ஒரு நிறுவனம் ஸ்பான்சராக நிற்கும் வேலை விசாவில், பர்மிங்காமுக்கு வந்தேன். 2025 செப்டம்பரில் அதே நிறுவனம் மூன்று ஆண்டுகளுக்கு விசாவை நீட்டித்துத் தந்தது. என் மனைவி 2023 மார்ச்சில் என்னைச் சார்ந்தவராக வந்து சேர்ந்தார். இப்போது ஆண்டுக்கு 38,500 பவுண்டு சம்பளம். லீட்ஸில் உள்ள ஒரு நிறுவனம் 52,000 பவுண்டுக்கு ஆஃபர் லெட்டர் தந்து, 2026 மார்ச்சில் சேரச் சொல்கிறது. வேலை மாறினால் நிரந்தரக் குடியிருப்பு உரிமைக்கான ஐந்தாண்டுக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். விஷயத்தைச் சொன்னபோது முதலாளி, "போனால் விசாவை ரத்து செய்துவிடுவேன், செலவழித்த 5,607 பவுண்டையும் கட்டிவிட்டுப் போ" என்றார். துபாயில் இருந்ததுபோல இங்கும் என்.ஓ.சி. வாங்க வேண்டுமா? அப்பாவின் அறுவை சிகிச்சைக்காக 2025 ஜனவரி முதல் மார்ச் வரை 74 நாள்கள் ஊரில் இருந்தேன். நவம்பர், டிசம்பரில் மேலும் 45 நாள்கள். ஏப்ரலில் மீண்டும் போக வேண்டியிருக்கிறது. விசாவுக்கான குறைந்தபட்சச் சம்பளம் எல்லோருக்கும் 41,700 பவுண்டாக உயர்ந்துவிட்டதாகவும், குடியேற்ற விதிகள் எல்லாம் மாறப்போவதாகவும் நண்பர்கள் சொல்கிறார்கள். இந்த நேரத்தில் மாறுவது சரியா?

பதில் (2026 ஜனவரி): அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தில் முதன்மையாக நிற்கும் அச்சத்துக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் நீங்கள் இந்த நாட்டில் கழித்த காலம் உங்களுடையது. அது எந்த நிறுவனத்தின் கணக்கிலும் எழுதப்படுவதில்லை. பர்மிங்காம் நிறுவனத்தில் கழிந்த மூன்று ஆண்டு சில மாதங்களும், லீட்ஸ் நிறுவனத்தில் இனிக் கழியப்போகும் காலமும் ஒன்றாகச் சேர்த்தே எண்ணப்படும். இடையில் விசா இல்லாத நாள் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பதும், நாட்டுக்கு வெளியே இருந்த நாள்கள் வரம்பைத் தாண்டக் கூடாது என்பதுமே அதற்கான நிபந்தனைகள். ஐ.எல்.ஆர். எனப்படும் அந்த நிரந்தரக் குடியிருப்பு உரிமைக்கு விண்ணப்பிக்கும்போது புதிய நிறுவனத்தில் இத்தனை மாதம் வேலை பார்த்திருக்க வேண்டும் என்ற விதியும் கிடையாது. ஆகவே, இப்போதுள்ள சட்டப்படி 2027 செப்டம்பரில் உங்களுக்கு ஐந்து ஆண்டுகள் நிறைவடையும்; அதற்கு 28 நாள்கள் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம்.

ஆபத்து இருப்பது நீங்கள் எதை முதலில் செய்கிறீர்கள், எதை அடுத்துச் செய்கிறீர்கள் என்பதில்தான். என்னிடம் வருகிறவர்களில் பலர் ஆஃபர் லெட்டர் கைக்கு வந்த மகிழ்ச்சியில் அன்று மாலையே ராஜினாமாக் கடிதத்தை அனுப்பிவிட்டுப் பிறகு ஆலோசனை கேட்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஆஃபர் லெட்டர் என்பது வேலை தருவதாகச் சொல்லும் ஒரு காகிதம் மட்டுமே. புதிய நிறுவனம் உங்கள் பெயருக்கு சி.ஓ.எஸ். என்று நாம் சொல்லும் ஸ்பான்சர்ஷிப் சான்றிதழை ஒதுக்க வேண்டும். அதன் எண்ணை வைத்து நீங்கள் பிரிட்டனின் உள்துறையான ஹோம் ஆஃபீஸுக்குப் புதிய விண்ணப்பம் தர வேண்டும். ஒப்புதல் வந்து, உங்கள் இ-விசாவில் புதிய அனுமதி ஏறிய பிறகே லீட்ஸில் வேலையைத் தொடங்கலாம். விண்ணப்பித்துவிட்டோம் என்பதற்காக ஒரு நாள் பயிற்சிக்குப் போவதுகூட விசா நிபந்தனையை மீறுவதாகிவிடும். அதுவரை பர்மிங்காமில் வழக்கம்போல வேலை பார்த்துச் சம்பளம் வாங்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஒப்புதல் வந்த பின் ராஜினாமா தந்து, ஒப்பந்தத்தில் உள்ள நோட்டீஸ் காலத்தைப் பழைய நிறுவனத்தில் முடித்துக் கொடுக்கவும் விதி இடம் தருகிறது. உங்கள் நோட்டீஸ் காலம் எவ்வளவு என்று கடிதத்தில் இல்லை. அது மூன்று மாதம் என்றால் மார்ச் என்பது நடக்காத கணக்கு. லீட்ஸ் நிறுவனத்திடம் சேரும் தேதியை இப்போதே தள்ளிக் கேட்டுவிடுங்கள். சி.ஓ.எஸ்.ஸில் குறிக்கப்படும் தொடக்கத் தேதிக்கு மூன்று மாதங்களுக்கு மேல் முன்னதாக விண்ணப்பிக்க முடியாது என்பதையும், சி.ஓ.எஸ். ஒதுக்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அதைப் பயன்படுத்திவிட வேண்டும் என்பதையும் சேர்த்துப் பார்த்துத் தேதியை முடிவு செய்யுங்கள்.

என்.ஓ.சி. வேண்டியதில்லை. வளைகுடாவில் முதலாளியின் தடையில்லாச் சான்று இல்லாமல் நகர முடியாத நிலையில் வாழ்ந்தவர்களுக்கு இதை நம்புவது கடினம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் இங்கே புதிய விண்ணப்பத்துக்குப் பழைய நிறுவனத்தின் சம்மதமோ கையெழுத்தோ தேவையில்லை.

"விசாவை ரத்து செய்துவிடுவேன்" என்ற மிரட்டலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால், நம்மவர்கள் பலர் இந்த ஒரு வாக்கியத்துக்குப் பயந்து ஆண்டுக்கணக்கில் குறைந்த சம்பளத்தில் குனிந்தே இருந்துவிடுகிறார்கள். விசாவை ரத்து செய்யும் அதிகாரம் ஹோம் ஆஃபீஸுக்கு மட்டுமே உண்டு. முதலாளிக்கு இருப்பது ஒரு கடமை: நீங்கள் வேலையை விட்டு நின்றால், அல்லது நிறுத்தப்பட்டால், பத்து வேலை நாள்களுக்குள் அதை ஹோம் ஆஃபீஸுக்குத் தெரிவிக்க வேண்டும். நீங்கள் அங்கே வேலை பார்த்துக்கொண்டிருக்கும்வரை தெரிவிக்க எதுவுமில்லை. வேறு வேலை தேடுகிறீர்கள் என்ற கோபத்தில் உங்களை வேலையை விட்டு நீக்கினால், அது வேறொரு சட்டத்துக்குள் வந்துவிடும். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து பணியாற்றியவர் என்ற முறையில், நியாயமற்ற பணிநீக்கத்துக்கு எதிராகத் தொழிலாளர் தீர்ப்பாயத்துக்குப் போகும் உரிமை உங்களுக்கு உண்டு. அந்த நிலை வந்தால், வழக்குக்கு முன், வேலைத் தகராறுகளில் சமரசம் செய்யும் ஏகாஸ் அமைப்பை அணுகுவது கட்டாயம்; அவர்களுடைய தொலைபேசி ஆலோசனை இலவசம்.

அடுத்து அந்த 5,607 பவுண்டு. நீங்கள் இணைத்து அனுப்பிய விவரத்தில் நான்கு தொகைகள் உள்ளன: விசா விண்ணப்பக் கட்டணம் 885, மூன்று ஆண்டுக்கான சுகாதாரக் கட்டணம் 3,105, இமிக்ரேஷன் ஸ்கில்ஸ் சார்ஜ் எனப்படும் திறன் வரி 1,092, சி.ஓ.எஸ். கட்டணம் 525. இவற்றுள் திறன் வரியைத் தொழிலாளியிடமிருந்து எந்த வழியிலும் வசூலிக்கக் கூடாது. ஒப்பந்தத்தில் எழுதி நீங்கள் கையெழுத்திட்டிருந்தாலும் கூடாது. 2024 டிசம்பர் 31 முதல் ஒதுக்கப்பட்ட ஸ்கில்டு வொர்க்கர் சி.ஓ.எஸ்.களுக்கான கட்டணத்துக்கும் அதே தடை உண்டு. உங்களுடையது 2025 செப்டம்பரில் ஒதுக்கப்பட்டது. ஆக, 1,617 பவுண்டைக் கேட்பதற்கே உங்கள் முதலாளிக்கு உரிமை இல்லை. கேட்டு வாங்கினால் ஸ்பான்சர் உரிமத்தையே இழக்க நேரிடலாம் என்பதை அவர் அறிந்திருக்கவில்லை போலும். மீதமுள்ள 3,990 பவுண்டின் நிலை வேறு. விசாக் கட்டணத்தையும் சுகாதாரக் கட்டணத்தையும் நிறுவனம் கட்டிவிட்டு, குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருந்தால், அது பெரும்பாலும் செல்லும். அப்படி எழுதப்பட்ட இடங்களில்கூட, மாதம் செல்லச் செல்லத் தொகை குறைந்துகொண்டே வரும்படி அமைத்திருப்பார்கள். உங்கள் ஒப்பந்தத்தை எடுத்து அந்தப் பத்தியைப் படியுங்கள். எழுத்தில் எதுவுமே இல்லையென்றால், கடைசிச் சம்பளத்தில் அவர் கைவைப்பது 1996ஆம் ஆண்டு வேலைவாய்ப்பு உரிமைச் சட்டத்துக்கு முரணானது. பணம் தருவதாக வாய்மொழியாகவோ வாட்ஸ்அப்பிலோ இப்போது எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

சம்பளத்தைப் பற்றி உங்கள் நண்பர்கள் சொன்னதில் பாதிதான் சரி. 2025 ஜூலை 22 முதல் பொதுவான குறைந்தபட்சச் சம்பளம் 41,700 பவுண்டாக உயர்ந்தது உண்மை. ஆனால் 2024 ஏப்ரல் 4க்கு முன்னர் சி.ஓ.எஸ். பெற்று, அன்றிலிருந்து இடைவெளியின்றி ஸ்கில்டு வொர்க்கராகவே இருந்து வருபவர்களுக்குத் தனியான, குறைந்த அளவு உண்டு. இப்போது அது 31,300 பவுண்டு. இதனுடன் உங்கள் தொழில் குறியீட்டுக்கென வகுக்கப்பட்ட சம்பளத்தையும் ஒப்பிட்டு, இரண்டில் எது அதிகமோ அதை எட்ட வேண்டும். இந்தச் சலுகை நிறுவனம் மாறினாலும் தொடரும், ஐ.எல்.ஆர். விண்ணப்பத்துக்கும் பொருந்தும், 2030 ஏப்ரல் 4க்கு முன் தரப்படும் விண்ணப்பங்கள்வரை நீடிக்கும். உங்களுக்கு 52,000 கிடைக்கவிருப்பதால் இன்றைக்கு இது பெரிய செய்தியாகத் தோன்றாது. நாளை ஏதோ ஒரு காரணத்தால் குறைந்த சம்பளத்துக்கு இறங்க நேர்ந்தால், இதுவே உங்களைக் காப்பாற்றும். எனவே இடையில் மனைவி தனியாக ஒரு விசா பெற்று, அதில் நீங்கள் சார்ந்தவராக மாறிக்கொள்வது போன்ற யோசனைகளை யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். ஒருமுறை இந்த வகையை விட்டு வெளியேறினால் சலுகை போய்விடும்.

லீட்ஸ் நிறுவனத்தைப் பற்றியும் நீங்கள் சிலவற்றை உறுதிசெய்துகொள்ள வேண்டும். அரசின் இணையதளத்தில் உரிமம் பெற்ற ஸ்பான்சர்களின் பட்டியல் வெளிப்படையாக இருக்கிறது; அதில் நிறுவனத்தின் பெயரும், ஸ்கில்டு வொர்க்கர் வகைக்கு ஏ தரமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். சி.ஓ.எஸ். வந்ததும் அதிலுள்ள தொழில் குறியீடு நீங்கள் உண்மையில் செய்யப்போகும் வேலைக்கு உரியதா, சம்பளமும் வார வேலை நேரமும் ஒப்பந்தத்தில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று வரிவரியாகச் சரிபாருங்கள். விண்ணப்பக் கட்டணத்தையும், ஆண்டுக்கு 1,035 பவுண்டான சுகாதாரக் கட்டணத்தையும் யார் கட்டுவது, பிறகு நீங்கள் விலகினால் என்ன என்பதை ஆஃபர் நிலையிலேயே எழுத்தில் வாங்குங்கள். பர்மிங்காமில் பட்ட பாட்டை லீட்ஸிலும் படக் கூடாது.

எத்தனை ஆண்டுக்கு சி.ஓ.எஸ். கேட்பது என்பதில் எனக்குத் திட்டவட்டமான கருத்து உண்டு. 2027 செப்டம்பரில் ஐ.எல்.ஆர். வந்துவிடும் என்று நம்பி, செலவைக் குறைக்க இரண்டு ஆண்டு போதும் என்று சிலர் சொல்வார்கள். உங்களிடம் இப்போது இருக்கும் அனுமதி 2028 செப்டம்பர்வரை செல்லும். புதிய அனுமதி வந்ததும் அது பழையதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு ஆண்டு கேட்டால் கையில் இருப்பதையே சுருக்கிக்கொள்கிறீர்கள். மூன்று ஆண்டு கேளுங்கள். சட்டம் மாறி ஐ.எல்.ஆர். தள்ளிப்போனாலும் மூச்சு விட நேரம் இருக்கும்.

அந்தச் சட்ட மாற்றத்துக்கு வருகிறேன். 2025 மே 12 அன்று வெளியான வெள்ளை அறிக்கையில், நிரந்தரக் குடியிருப்பு உரிமைக்கான பொதுக் காலத்தைப் பத்து ஆண்டாக உயர்த்தப்போவதாக அரசு அறிவித்தது. நவம்பர் 20 அன்று அதன் விவரங்களுடன் பொதுமக்கள் கருத்துக் கேட்பு தொடங்கியது. 2026 பிப்ரவரி 12 அதன் கடைசி நாள். ஏற்கெனவே இங்கே இருந்து இன்னும் ஐ.எல்.ஆர். பெறாதவர்களுக்கும் இதைப் பொருத்த அரசு விரும்புகிறது. இதை நான் மறைத்துச் சொல்ல விரும்பவில்லை. 2026 ஜனவரியில் இதை எழுதும்போது, சட்டத்தில் இருப்பது ஐந்து ஆண்டுதான். ஆனால் நீங்கள் விண்ணப்பிக்கும் நாளில் எந்த விதி நடப்பில் இருக்கிறதோ அதுவே உங்களுக்குப் பொருந்தும். வாக்குறுதியை நம்பி வந்து, வரி கட்டி, வீடு பிடித்து, பிள்ளைகளை வளர்க்கும் மக்களின் பாதையை நடுவழியில் நீட்டுவது அநீதி என்பது என் உறுதியான கருத்து. கருத்துக் கேட்பில் நீங்களும் உங்கள் மனைவியும் தனித்தனியாகப் பதில் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இந்த நிலையில் மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாறலாம் என்பதற்கு அந்த முன்மொழிவிலேயே ஒரு காரணம் இருக்கிறது. விண்ணப்பத்துக்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் வரிக்குரிய வருமானம் 50,270 பவுண்டு இருந்தவர்களுக்குப் பத்து ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டைக் குறைக்கலாம் என்கிறது அது. 38,500 சம்பளத்தில் நீங்கள் அதைத் தொடவே முடியாது. லீட்ஸில் 52,000 வாங்கினால், 2029 வசந்த காலத்தில் அந்த மூன்று ஆண்டுகள் நிறைவடையும். அதாவது, மோசமான முடிவு வந்தால்கூட, 2032வரை காத்திருப்பதற்குப் பதில் 2029இலேயே நீங்கள் தகுதி பெற வாய்ப்புண்டு. ஒன்றைக் கவனியுங்கள்: ஓய்வூதியப் பங்களிப்பைச் சம்பளத்திலிருந்தே கழிக்கும் சாலரி சாக்ரிஃபைஸ் முறையில் ஐந்து விழுக்காடு போனால், வரிக்குரிய சம்பளம் 49,400 ஆகி, எல்லைக்குக் கீழே விழுந்துவிடும். முன்மொழிவு சட்டமாகும்போது இந்த நுணுக்கங்கள் மாறலாம். அதற்காக ஓய்வூதியத்தை இன்றே நிறுத்திவிடச் சொல்லவில்லை. புதிய நிறுவனத்தில் எந்த முறை என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கூடுமானால் அடிப்படைச் சம்பளத்தைச் சற்று உயர்த்திக் கேளுங்கள்.

புதிய வேலையில் தகுதிகாண் காலத்திலேயே நிறுத்திவிட்டால் என்ன ஆகும் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்ல வேண்டியது என் கடமை. அந்த நிறுவனம் ஹோம் ஆஃபீஸுக்குத் தெரிவிக்கும். வழக்கமாக, அனுமதியை 60 நாளாகச் சுருக்கிக் கடிதம் வரும். அந்த 60 நாளுக்குள் இன்னொரு ஸ்பான்சர் கிடைத்து, விண்ணப்பமும் சேர்ந்துவிட்டால், ஐந்தாண்டுக் கணக்கு அறுபடாது. வேலை இல்லாமல் இருந்த அந்த நாள்களும், அனுமதி உயிரோடு இருந்ததால், கணக்கில் சேரும். நாள் தவறினால்தான் எல்லாம் போகும். மின்னஞ்சல் முகவரியோ வீட்டு முகவரியோ மாறினால் ஹோம் ஆஃபீஸின் விசாப் பிரிவான யு.கே.வி.ஐ.யில் உள்ள உங்கள் கணக்கில் உடனே மாற்றுங்கள். பழைய முகவரிக்குப் போன கடிதத்தால் நாள்களை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஊரில் இருந்த நாள்களைப் பொறுத்தவரை, எந்தப் பன்னிரண்டு மாத இடைவெளியை எடுத்துக்கொண்டாலும் 180 நாள்களுக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது என்பதே விதி. ஜனவரி முதல் டிசம்பர் என்று ஆண்டுக் கணக்காகப் பார்ப்பது தவறு. எந்த நாளில் தொடங்கினாலும் கணக்குச் சரியாக வர வேண்டும். புறப்பட்ட நாளும் திரும்பிய நாளும் சேராது. உங்களுக்கு 2025இல் 74உம் 45உம் சேர்ந்து 119, வரம்புக்குள்தான் இருக்கிறீர்கள். வரும் ஏப்ரல் பயணத்துக்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில், 74 நாள் பயணம் வெளியே போய்விட்டு 45 மட்டுமே நிற்கும். ஆகவே அப்பாவுடன் ஒரு மாதம் இருந்து வருவதில் எந்தச் சிக்கலும் இல்லை. உயிருக்கே ஆபத்தான நோயில் நெருங்கிய உறவினரைப் பார்க்க நேர்ந்தால் விதிவிலக்கு கேட்க வழி உண்டு. அதற்கு மருத்துவச் சான்றுகள் தேவைப்படும் என்பதால் மருத்துவமனைக் காகிதங்களைப் பத்திரப்படுத்துங்கள்.

பயணத்தில் உண்மையான கண்ணி வேறிடத்தில் இருக்கிறது. விண்ணப்பம் தந்து முடிவு வருவதற்குள் பிரிட்டன், அயர்லாந்து, மேன் தீவு, சேனல் தீவுகள் ஆகியவற்றை விட்டு வெளியே போனால், விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றதாகவே கருதிவிடுவார்கள். சாதாரண முறையில் முடிவு வர எட்டு வாரம் ஆகலாம். 500 பவுண்டு கூடுதலாகக் கட்டினால் ஐந்து வேலை நாளில் முடிவு கிடைக்கும். ஏப்ரலில் போக வேண்டியிருப்பதால், பிப்ரவரியில் அந்த விரைவுச் சேவையில் விண்ணப்பித்து, முடிவைக் கையில் வைத்துக்கொண்டு டிக்கெட் எடுங்கள். புதிதாகச் சேரும் இடத்தில் முதல் மாதங்களிலேயே நீண்ட விடுப்பு கேட்க வேண்டியிருக்கும்; அதையும் சேர்வதற்கு முன்பே எச்.ஆரிடம் பேசி, எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

உங்கள் மனைவி இப்போது எந்த விண்ணப்பமும் தர வேண்டியதில்லை. அவருடைய அனுமதி அதன் காலாவதி நாள்வரை செல்லும். நீங்கள் நிறுவனம் மாறுவதால் அது ரத்தாகாது. ஆனால் அவருக்கான ஐந்து ஆண்டுகள் 2023 மார்ச்சிலிருந்து எண்ணப்படும் என்பதால், நீங்கள் 2027இல் ஐ.எல்.ஆர். பெற்றாலும், இன்றைய விதிப்படி அவருடைய முறை 2028 மார்ச்சில்தான் வரும். அவரும், பிரிட்டன் வாழ்க்கையைப் பற்றிய லைஃப் இன் தி யு.கே. தேர்வில் தேற வேண்டும். ஆங்கிலத் தகுதியும் காட்ட வேண்டும். தேர்வுச் சான்றுக்குக் காலாவதி கிடையாது. இருவரும் இப்போதே எழுதி முடித்துவிடலாம்.

விண்ணப்பப் படிவத்தை நிரப்ப யாரையாவது நாடுவீர்களானால், அவர் சொலிசிட்டராகவோ, குடியேற்ற ஆலோசகர்களை ஒழுங்குபடுத்தும், 2025 ஜனவரியில் பெயர் மாறிய இமிக்ரேஷன் அட்வைஸ் அதாரிட்டியின் பதிவேட்டில் உள்ளவராகவோ இருக்க வேண்டும். பதிவில்லாமல் குடியேற்ற ஆலோசனை தருவது இங்கே குற்றம். போவதற்கு முன், இரண்டு வேலை ஒப்பந்தங்களையும், 2022 முதலான சி.ஓ.எஸ். எண்களையும், சென்று வந்த தேதிகளின் பட்டியலையும், கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டுகளையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதலாளிக்கு அனுப்பவேண்டிய பதிலை மட்டும் ஒப்புதல் வரும்வரை ஒத்திவையுங்கள்.